பிள்ளைகளை அழவைக்க விடாத தாமரை டீச்சருக்கு

எங்கள் அன்புக்கும் கொஞ்சம் அச்சத்துக்கும் உரிய திருமதி தாமரை சின்னையா அவர்களே! கோப்பைக்குக் குனியாத தலையே! கைதட்டலில் கரையாத காதே! மேடையில் நிற்பது பாத்திரம் மட்டுமல்ல, பசியும் பயமும் உள்ள ஒரு பிள்ளை என்று பள்ளி பள்ளியாகப் போய்ச் சொன்ன பெருங்குரலே! வணக்கம்.

உங்கள் நாடகப் பயிற்சியில் சேரும் ஆசிரியர் எவரையும் தம்மைத் தாமே அறிமுகப்படுத்திக்கொள்ள நீங்கள் விட்டதில்லை. பக்கத்திலிருப்பவர்தான் அவர் கதையை, அவர் எதிரிலேயே, 'இவர்' என்று சொல்ல வேண்டும். கதைக்கு உரியவர் வாய் திறக்கக் கூடாது. இன்று, உங்கள் பணி ஓய்வு விழாவில், உங்கள் முறை, டீச்சர். குறுக்கே பேசாமல் கேளுங்கள்.

இவர் கிள்ளானில் தமிழ்ப்பள்ளி ஆசிரியையாக இருந்தபோது, பெட்டாலிங் ஜெயாவில் நடந்த நாடகப் போட்டிக்குத் தம் மாணவர்களோடு போனார். வேறொரு பள்ளியில் நான்காம் ஆண்டு படிக்கும் பத்து வயது மாணவி, தாயை இழந்த மகளாக நடித்தாள். தேம்பித் தேம்பி அழுதாள். மண்டபமே எழுந்து கைதட்டியது. நடுவர் ஒருவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார். திரை மூடிய பிறகும் அந்த அழுகை நிற்கவில்லை.

இவர் தண்ணீர்ப் போத்தலோடு மேடைக்குப் பின்னால் ஓடினார். விக்கலுக்கு நடுவே பிள்ளை கேட்டாள்: "டீச்சர், நான் நல்லா அழுதேனா? அம்மாவ நெனச்சுக்கன்னு சார் சொன்னாரு."

அவள் அம்மா இறந்து ஓர் ஆண்டுகூட ஆகியிருக்கவில்லை. சார் என்றது நாடகத்தைப் பழக்கிய திருச்செல்வத்தை. அவர் அங்கேயே நின்றிருந்தார்.

"என்ன சார் இது?"

"நடிப்புன்னா அதானே டீச்சர். ஜட்ஜே அழுதுட்டாரு லா. கப்பு எங்களுக்குத்தான், பாருங்க."

"அப்படியா? நீங்களும் உங்க அம்மாவ நெனச்சு ஒரு தடவ அழுது காட்டுங்க சார். நான் கைதட்டுறேன்."

சிறந்த நடிகைக்கான பரிசு அந்தப் பிள்ளைக்கே போனது. நெடுஞ்சாலை நெரிசலில் வீடு திரும்பும்போது, இவர் தம் கோபத்தையே குறுக்கு விசாரணை செய்தார். கொதித்தது அந்தப் பிள்ளைக்காகவா, தம் பள்ளி தோற்றதற்காகவா? இரண்டும் கலந்திருக்கிறது என்று தெரிந்ததும் வெட்கப்பட்டார். ஆனால் அந்த வெட்கத்தைச் சாக்காக வைத்துக் கோபத்தைக் கைவிடவில்லை. திருச்செல்வம் கொடியவர் அல்லர் என்பதும் அன்றுதான் இவருக்குப் புரிந்தது. விழா வந்தால் "நீங்க ஒரு நாடகம் போட்டுருங்க" என்று ஓர் ஆசிரியர் தலையில் கட்டிவிடுகிறோம். எப்படி என்று சொல்லித்தருவதில்லை.

அப்படிப் பிறந்ததுதான் பிரிக்பீல்ட்ஸ் நாடகச் சங்கக் கட்டடத்து மாடியில் சனிக்கிழமைப் பயிற்சி. பள்ளி ஆசிரியர்கள் வந்தார்கள். தெலுக் பங்லிமா காராங் ஊரில் கோயில் இளைஞர்களை வைத்து நாடகம் போடுகிறவர்களும் வந்தார்கள். அழுகையை மூச்சிலும் தோளிலும் காட்டுவது எப்படி என்று கற்றோம். காட்சி முடிந்ததும் பிள்ளையைத் தன் பெயரையும் காலையில் சாப்பிட்டதையும் சொல்லவைத்து, அவளை அவளிடமே திருப்பிக் கொடுக்கவும் கற்றோம். "டீச்சருங்க தரையில உருண்டா மரியாதை என்னாவறது?" என்றார் ஒரு தலைமையாசிரியர். "தரை சுத்தமாகுது சார்," என்றார் இவர். சண்டை போட வந்த திருச்செல்வமும் மதியச் சாப்பாடுவரை இருந்தார். அடுத்த வாரமும் வந்தார்.

கதை இவ்வளவுதான். இனி எங்கள் கோபம்.

முன்வரிசையில் அமர்ந்திருக்கும் சங்கத் தலைவர் சிவநேசன் அவர்களே! டீச்சர் ஓய்வுபெறுவதோடு பயிற்சியும் நிற்கும், இனி ஒரு வீடியோ அனுப்புவோம் என்றீர்கள். "பாத்துட்டு பட்டன அமுக்கினா சர்ட்டிபிகேட் வந்துரும், ஈசி லா," என்றீர்கள். திரைக்குப் பின்னால் விக்கி நிற்கும் பிள்ளையின் முதுகை எந்த வீடியோ தடவிக்கொடுக்கும்? அதே வாரம் நீங்கள் நடத்தும் போட்டியின் விதிகளில் 'உண்மைக் கண்ணீருக்குக் கூடுதல் புள்ளி' என்று சேர்த்தீர்களே, அது யாருடைய கண்ணீர் என்று ஒரு கணம் யோசித்தீர்களா? இவர் வாழ்நாள் உழைப்பைக் குப்பையில் போட்டுவிட்டு, இவர் தோளில் பொன்னாடை போர்த்த எப்படி ஐயா கை வருகிறது?

அந்த அறிவிப்பைக் கேட்ட அன்று டீச்சர் ஒரே குவளையைத் திரும்பத் திரும்பக் கழுவிக்கொண்டிருந்தார். உடன் பயிற்சி நடத்தும் ஷபானா போய்க் குழாயை மூடினார்.

"எனக்காகச் சண்டைக்குப் போகாதம்மா."

"ஒங்களுக்காக இல்லக்கா," என்றார் ஷபானா.

ஆகவே சொல்கிறோம். அந்த விதி இருக்கும்வரை, எங்கள் பள்ளிகளிலிருந்தும் குழுக்களிலிருந்தும் ஒரு பிள்ளைகூட உங்கள் போட்டி மேடையில் ஏறாது. வரும் சனிக்கிழமைப் பயிற்சி, சாலாக் செலாத்தானில் ஷபானா வீட்டுக் கார் நிறுத்துமிடத்தில் நடக்கும். ஷபானாவும் திருச்செல்வமும் நடத்துவார்கள்.

தாமரை டீச்சர் அவர்களே! நோயின்றி நெடுங்காலம் வாழுங்கள். கால்வலி தீரட்டும். சனிக்கிழமைகளில் நன்றாகத் தூங்குங்கள். அமைதியாக வாழுங்கள் என்று மட்டும் வாழ்த்த எங்களுக்கு மனம் வரவில்லை. உங்கள் கோபம் எங்களுக்கு இன்னும் வேண்டியிருக்கிறது.

என்றும் உங்கள்,
பிரிக்பீல்ட்ஸ், கிள்ளான் வட்டார நாடக ஆசிரியர்கள்