சீதனக் காணிக்கு ஒரு கையெழுத்து

மார்ச் 12, வியாழக்கிழமை, காலை 7.20. வெயில் ஏறிவிட்டது, காற்றில்லை. பேசாலையிலிருந்து மன்னாருக்குப் போகும் பஸ்ஸில் பதினாறு பேர் நின்றோம். நான் நின்ற இடத்துக்குப் பக்கத்து இருக்கையில் ஓர் அக்காவும் தங்கையும் இருந்தார்கள்.

"வழக்குப் பேச அந்த முசலிப் பக்கத்து முஸ்லிம் பொம்பிளைப் பிள்ளையையோ பிடிச்சனீங்கள், அக்கா? ஆம்பிளை அப்புக்காத்தெண்டால் கோட்டில சத்தம் போட்டுக் கதைப்பார்," என்றாள் தங்கை.

"சத்தம் போடுற ஆம்பிளையோட இருபது வருஷம் இருந்தனான். இனிப் போதும்."

"அவவுக்கு எங்கட தேசவழமைச் சட்டம் தெரியுமோ?"

"எங்களைவிடத் தெரியும். சிரிச்சுக்கொண்டு சொன்னா: 'அன்ரி, எங்கட முஸ்லிம் சட்டத்தில என்ர காணியை நான் நினைச்ச நேரம் விப்பன். உங்கட சட்டத்தில உங்கட சீதனக் காணியை நீங்கள் விக்கிறதுக்கு உங்கட அவர் கையெழுத்து வைக்கோணும்.'"

"அத்தான் வைக்க மாட்டாராமோ?"

"விட்டிட்டுப் போனவர், 'பொம்பிளைப் பிள்ளைக்குக் கறுப்புக் கோட்டு என்னத்துக்கு' எண்டு கேக்கிறார். சின்னவள் சட்டக் கல்லூரிக்கு எடுபட்டிட்டாள். காணியை வித்தால்தான் கொழும்புக்கு அனுப்பலாம். இண்டைக்கு அவருக்குப் பதிலா நீதிபதி அனுமதி தரோணும்."

"தராட்டி?"

அக்கா காணி உறுதியைப் பைக்குள் வைத்துக்கொண்டு எழுந்தாள்.

இருவரும் நீதிமன்றத்தருகே இறங்கினார்கள். என் மனைவி தன் காணியை விற்க நான் கொடுக்கவேண்டிய சம்மதக் கடிதம் பதினொரு நாளாகக் கையெழுத்தில்லாமல் என் பையிலேயே இருந்தது. பஸ் நிலையக் கடையில் ஒரு பேனை வாங்கி, நின்றபடியே கையெழுத்திட்டேன். பேனை நாற்பது ரூபாய்.