அத்தானின் சுருதி

கொஞ்சம் இந்தப் பக்கமாக உட்காருங்கள். எனக்கு இடது காது மந்தம். டிரம்ஸுக்குப் பக்கத்தில் நின்றே பாதி ஆயுளைக் கழித்தவனுக்கு ஒரு காதாவது மிஞ்சியதே பெரிய விஷயம். தேநீரில் சர்க்கரை குறைவாகத்தான் போட்டேன். வேண்டுமானால் டப்பா உங்கள் கைக்கெட்டுகிற தூரத்தில் இருக்கிறது.

இடியைப் பற்றிப் புத்தகம் எழுதுகிறீர்கள், சந்தோஷம். தனியாகப் பாட வந்த பிறகு அவர் அடைந்த வெற்றியில் கிதார்காரனான என் பங்கு எவ்வளவு என்று கேட்கிறீர்கள். இதை என்னிடமே நேராக வந்து கேட்ட முதல் ஆள் நீங்கள்தான். மற்றவர்கள் அவரிடம் போய்க் கேட்டார்கள். சாதாரணமாக இந்த மாதிரிக் கேள்விக்கு, ‘இரண்டு கையும் தட்டினால்தான் ஓசை’ என்று எதையாவது பொத்தாம்பொதுவாகச் சொல்லித் தப்பித்துவிடுவார்கள். எனக்கு அந்தத் தேவையில்லை. நான் சோதித்தே பார்த்துவிட்டேன்.

மேடையில் அவர் பெயர் இடி. வீட்டில் என் அக்கா புருஷன், எனக்கு அத்தான். கறுப்புத் தோல் சட்டை, மணிக்கட்டில் முள் வைத்த பட்டை, இடுப்பைத் தொடும் முடி. வாயைத் திறந்தால் கூட்டத்தில் கடைசி வரிசையில் நிற்கிறவனும் ஒரு அடி பின்னால் போவான். அதே கோலத்தில் வீட்டுக்கு வந்ததும், “அந்தக் குப்பையைக் கொண்டுபோய்ப் போட்டுட்டு உள்ள வாங்க” என்று அக்கா சொல்வாள். அவரும் முள் பட்டையோடு குப்பையைத் தூக்கிக்கொண்டு போவார். நல்ல மனிதர். அதில் எனக்கு இன்றைக்கும் சந்தேகமில்லை.

ஆரம்பத்தில் நாங்கள் ஐந்து பேர் ஒரு குழுவாக இருந்தோம். ஹெவி மெட்டல்தான், காது கிழியக் கத்திப் பாடுகிற ராக் இசை. சுவரொட்டியில் யார் படம் பெரிதாக இருக்க வேண்டும் என்று ஒருநாள் முட்டிக்கொண்டது. அத்தான் முடியை ஒரு உதறு உதறிவிட்டு வெளியே வந்துவிட்டார். வந்தவர் நேராக என் அறை வாசலில் சாய்ந்து நின்றார்.

“தனியாப் பாடப் போறேன் மச்சான். ஆனா நீ வரலன்னா நானும் போகல.”

இந்த வாக்கியத்தை நீங்கள் குறித்துக்கொள்வது நல்லது. அவர் மறந்துவிட்டார்.

முதல் ஆல்பம் முழுக்க என் அறையில்தான் உருவானது. பக்கத்து வீட்டுக்காரர்கள் சண்டைக்கு வராமல் இருக்க, மெத்தையைத் தூக்கி ஜன்னலில் சாத்தி வைத்தோம். அதனால் நான் வெறும் பலகையில் படுத்தேன். அவர் உள்ளே வரும்போது கையில் மெட்டு எதுவும் இருக்காது. “இன்னைக்குக் கோபமா இருக்கேன், ஒண்ணு போடு” என்பார். நான் போடுவேன். அதன் மேல் ஏறி நின்று கத்துவார். வீட்டைக் கட்டினவன் ஒருவன், மொட்டை மாடியில் நின்று கை காட்டினவன் இன்னொருவன் என்று நான் சொல்ல மாட்டேன். நீங்களாக எழுதிக்கொண்டால் தடுக்கவும் மாட்டேன்.

ஆல்பம் பிய்த்துக்கொண்டு ஓடியது. அட்டையில் அவர் முகம். அந்த முகத்துக்குக் கீழே கிதார் பிடித்த ஒரு கை, முழங்கையோடு வெட்டியிருந்தது. அந்தக் கை என்னுடையது. அக்கா அதைச் சட்டம் போட்டுக் கூடத்தில் மாட்டினாள். வருகிறவர்களிடமெல்லாம், “இது அவரு, இது நம்ம தம்பி” என்று கையைத் தொட்டுக் காட்டுவாள்.

எனக்கு அதில் வருத்தமில்லை. பிறகு அவர் வானொலியில் ஒரு பேட்டி கொடுத்தார். காய்கறி நறுக்கியபடி நானும் அக்காவும் கேட்டுக்கொண்டிருந்தோம். “உங்க பாட்டுல கிதார் ரொம்ப முக்கியம் இல்லையா?” என்று பேட்டி எடுத்த பெண் கேட்டார். அத்தான் சிரித்தார்.

“கிதார் ஃபேன் மாதிரிங்க. சுத்தினாக் காத்து வரும். எந்தக் கம்பெனி ஃபேனா இருந்தா என்ன?”

அக்கா என்னைப் பார்க்காமல் வானொலியின் சத்தத்தைக் குறைத்தாள். “சும்மா விளையாட்டுக்குப் பேசறாருடா” என்றாள். ஆமாம் என்றேன். கேரட்டைச் சீராக நறுக்கி முடித்தேன். கோபப்பட்டதாக நினைக்காதீர்கள். ஃபேன் எங்கேயாவது கோபப்படுமா?

எனக்கு ஒரு சின்ன ஆர்வம் வந்தது, அவ்வளவுதான். காற்றை நிறுத்தினால் அவருக்குத் தெரிந்துவிடும். கொஞ்சம் கொஞ்சமாக வேகத்தைக் கூட்டினால் தெரியுமா?

கிதாருக்குச் சுருதி சேர்க்க எங்களிடம் தீப்பெட்டி போல ஒரு சின்னக் கருவி உண்டு, ட்யூனர் என்போம். தந்தி சரியான இடத்துக்கு வந்தால் பச்சை விளக்கு எரியும். எது சரியான இடம் என்பதை அந்தக் கருவியிலேயே மாற்றி வைக்கலாம். மயிரிழை மேலே ஏற்றிவைத்தாலும் அது நாணயமாகப் பச்சை காட்டும். ஏற்றினேன். பேஸ் கிதார் வாசிக்கிறவனுக்குக் கும்பகர்ணன் என்று பெயர். நிகழ்ச்சிக்கு முன்னால் வேனில் தூங்கிக்கொண்டிருப்பான், அவன் தந்திகளுக்கும் நான்தான் சுருதி சேர்ப்பேன். டிரம்ஸுக்கு இந்தக் கவலையே கிடையாது. பாடுகிறவருக்கோ கையில் வாத்தியம் இல்லை. நான் கொடுக்கிற இடத்தில் பிடித்துக்கொள்வார். சுருதியை மாதா என்பார்கள். மாதா எந்தப் பக்கம் நடந்தாலும் பிள்ளை சேலையைப் பிடித்துக்கொண்டு பின்னால் ஓடும்.

வேடிக்கையைக் கேளுங்கள், அன்றைக்குக் கூட்டம் எப்போதும் இல்லாத அளவுக்கு ஆடியது. சுருதி ஏறினால் பாட்டுக்கு ஒரு பளபளப்பு வரும், குரலில் ஒரு தவிப்பு வரும். அடுத்த நாள் பத்திரிகையில், ‘இடியின் குரலில் புதிய வெறி’ என்று எழுதினார்கள். அத்தான் அதை எனக்கே படித்துக் காட்டினார். ஆகவே அடுத்த ஊரில் இன்னொரு மயிரிழை ஏற்றியதைக் கெட்ட எண்ணம் என்று யாரும் சொல்ல முடியாது. விரலுக்கு வித்தியாசம் தெரியாமலிருக்க மெல்லிய தந்திகளாக மாற்றினேன். கும்பகர்ணன் மட்டும் ஒருதரம், “தந்தி இளைச்ச மாதிரி இருக்கே” என்றான். “நீ குண்டாயிட்டே” என்றேன். ஒத்துக்கொண்டான்.

இப்படியே சுருதியில் அரைக் கட்டை ஏறினோம். அரங்குகள் பெரிதாகிக்கொண்டே போயின. ஒருநாள் அத்தான் தன்னுடைய பழைய ஆல்பத்தைக் கேட்டுவிட்டு, “என்னடா இது, கிணத்துக்குள்ள இருந்து பாடின மாதிரி இருக்கு? இப்ப எவ்வளவு ஏறிட்டேன் பாரு” என்றார். உண்மைதான், ஏறித்தான் இருந்தார்.

முதலில் இருமல் வந்தது. அப்புறம் காலையில் பேச்சு வராமல் சைகையில் காப்பி கேட்டார். நான் வெந்நீரில் தேன் கலந்து பிளாஸ்கில் ஊற்றி மேடைக்கே எடுத்துப்போவேன். அக்கா அதைப் பார்த்து, “கூடப் பிறந்தவன்கூட இப்படிப் பார்த்துக்க மாட்டான்” என்பாள். அவளுக்குத்தான் நான் கூடப் பிறந்தவன், ஆனாலும் அவள் சொல்ல வந்தது புரிந்தது.

தொண்டை டாக்டரிடமும் நான்தான் அழைத்துப் போனேன். டாக்டர் உள்ளே விளக்கடித்துப் பார்த்துவிட்டு, “யாரு உங்கள இவ்வளவு மேல ஏறிப் பாடச் சொன்னது?” என்றார்.

“அதே பாட்டுதான் டாக்டர். பல வருஷமா இதேதான் பாடறேன்.”

“அப்போ வயசுதான் காரணம்” என்றார் டாக்டர். “கொஞ்ச நாள் வாயை மூடிட்டு இருங்க.”

திரும்பும்போது வண்டி சிக்னலில் நின்றது, அத்தான் கண்ணாடியில் முகத்தைப் பார்த்துக்கொண்டார்.

“மச்சான், எனக்கு வயசாயிடுச்சாடா?”

“சேச்சே.”

“அரைக் கட்டை இறக்கி வச்சுக்கலாமா? யாருக்கும் தெரியாது.”

“தாராளமா இறக்கலாம் அத்தான். ஆனா கிதார் தொளதொளன்னு ஆயிடும். கேக்கறவங்க கண்டுபிடிச்சிடுவாங்க.”

தலையை ஆட்டினார். பிறகு என் தோளில் கை வைத்தார். “சரி விடு. நீ பக்கத்துல நிக்கிற தைரியத்துலதான் பாடறேன்.”

இதைக் கேட்டதும் எனக்கு நெஞ்சு இளகிவிட்டது. அவர் வாயால் இதைக் கேட்கத்தானே இவ்வளவும். சோதனை முடிந்தது, வருகிற நிகழ்ச்சியிலேயே பழைய சுருதிக்கு இறக்கிவிடுவது என்று முடிவு செய்தேன். இறக்கியும் வைத்தேன். இதையும் மறக்காமல் எழுதுங்கள்.

அது திறந்தவெளி மைதானம். வெயில் தாழ்கிற நேரம், கண்ணுக்கெட்டிய மட்டும் தலைகள். டாக்டர் சொன்ன ஓய்வை அந்த நிகழ்ச்சிக்கு அப்புறம் எடுப்பதாக அத்தான் அக்காவின் தலையில் அடித்துச் சத்தியம் செய்திருந்தார். முதல் சில பாட்டுகள் சுகமாகப் போயின. குரல் தானாக வந்து உட்கார்ந்தது. அத்தானுக்கே ஆச்சரியம். என்னைப் பார்த்துக் கண்ணடித்தார். அந்த உற்சாகத்தில் மைக்கைப் பிடித்துக் குழுவை அறிமுகப்படுத்த ஆரம்பித்தார். டிரம்ஸ்காரரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டார், கூட்டம் கத்தியது. கும்பகர்ணனைக்கூட அவனுடைய சொந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார். அப்படியொரு பெயர் அவனுக்கு இருப்பதே எங்களுக்கு அன்றைக்குத்தான் தெரியும். பிறகு என் பக்கம் திரும்பினார்.

“இவன் என் மச்சினன். வீட்ல சும்மா இருந்தான், கூட்டிட்டு வந்துட்டேன்.”

நல்ல நகைச்சுவைதான். மைதானமே சிரித்தது. நானும் சிரித்தேன்.

என் பின்னால் ஸ்டாண்டில் இன்னொரு கிதார் இருந்தது. தந்தி அறுந்தால் எடுத்துக்கொள்வதற்காக வைத்திருப்பது. அது முழுதாக ஒரு கட்டை மேலே இருந்தது. ஏன் அப்படி இருந்தது என்று கேட்பீர்கள். இறக்கும்போது அதை மட்டும் இறக்காமல் விட்டிருந்தேன், கூட இன்னொரு அரைக் கட்டை ஏற்றியும் வைத்திருந்தேன். மழை வராது என்று தெரிந்தும் சிலர் குடை எடுத்துப் போவதில்லையா, அது போல.

அடுத்தது அவருடைய பெரிய பாட்டு. தொடக்கத்தில் கிதாரும் குரலும் மட்டும்தான், பேஸும் டிரம்ஸும் பிறகுதான் சேரும். முதல் வரியின் முடிவில் அவர் ஒரே மூச்சில் நீளமாகக் கத்த வேண்டும், கூட்டம் அதற்காகவே வரும். நான் கிதாரை மாற்றிக்கொண்டு மெதுவாக ஆரம்பித்தேன். அத்தான் கண்ணை மூடி, பிள்ளை போலச் சேலையைப் பிடித்துக்கொண்டார். கத்தலின் உச்சியில் மைக்கில் ஒரு சத்தம் கேட்டது. ஈரத் துணியைக் கிழித்தது போலச் சின்னச் சத்தம். கூட்டம் அதையும் பாட்டு என்று நினைத்துக் கை தட்டியது.

அவர் டிரம்ஸ் மேடையின் விளிம்பில் உட்கார்ந்து தொண்டையைப் பிடித்துக்கொண்டார். வாய் திறந்து மூடியது. மேடைக்குப் பக்கவாட்டிலிருந்து அக்கா ஓடிவந்தாள். நான் வாசித்துக்கொண்டே இருந்தேன். யாராவது ஒருவர் வாசிக்கத்தானே வேண்டும். என் வாழ்க்கையில் அவ்வளவு நீளமாக, அவ்வளவு நன்றாக நான் வாசித்ததில்லை. அவரைத் தூக்கிக்கொண்டு போன பிறகும் வாசித்தேன்.

குரல் நரம்பு கிழிந்து ரத்தம் கட்டிவிட்டது என்றார்கள். அறுவை சிகிச்சை செய்தார்கள். இப்போது காற்று மட்டும்தான் வருகிறது.

அதன் பிறகு நான் தனியாகச் சில நிகழ்ச்சிகள் கொடுத்தேன். வந்த கொஞ்சம் பேரும் இடி எங்கே என்று கேட்டார்கள். மழைக்காலம் வேறு, அதனால் நிறுத்திக்கொண்டேன். இப்போது அக்கா வீட்டிலேயே இருக்கிறேன். அவருக்கு வெந்நீர், மருந்து, டாக்டர் எல்லாம் நான்தான். கடைக்குப் போனால் அவருக்காக நான்தான் பேசுகிறேன். போன வாரம்கூட அக்கா, “நீ மட்டும் இல்லன்னா அவரு நிலைமை என்ன ஆயிருக்குமோ” என்று கண் கலங்கினாள். இதைத்தான் நானும் ஆரம்பத்திலிருந்து சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

ஆகவே என் பங்கு எவ்வளவு என்றால், முழுவதும். ஏற்றினதும் நான், உடைத்ததும் நான். தயங்காமல் எழுதுங்கள்.

நம்பிக்கை வரவில்லை என்றால் அவர் பக்கத்து அறையில்தான் இருக்கிறார், போய்க் கேளுங்கள். எங்களுக்குள் எந்த மனஸ்தாபமும் இல்லை. அந்த நாளிலிருந்து இன்றுவரை என்னைப் பற்றி அவர் ஒரு வார்த்தை குறையாகச் சொன்னதில்லை.