தளராத கை

மலாயாவின் அவசரகாலத்தில் காலையில் தேயிலை கிள்ளப் போகும் எங்களை முள்கம்பி வாசலில் நிறுத்தி, காட்டிலிருக்கும் கம்யூனிஸ்டுகளுக்கு யாராவது அரிசி கொண்டுபோகிறோமா என்று சோதிப்பார்கள். அன்று எனக்கு முன்னால் நின்றவள் வலது கையை மூடியபடியே நீட்டினாள்.

"புக்கா! புக்கா!" என்று திறக்கச் சொல்லி அதட்டினாள் சோதிக்கும் மலாய்க்காரி.

"தொறக்க வரல. நேத்து கிள்ளுன கொழுந்த இந்தக் கை இன்னும் விடல."

பக்கத்தில் நின்ற கங்காணிக்குப் பொறுக்கவில்லை. "இதென்ன வெளையாட்டு? அரிசின்னு புடிச்சிட்டுப் போயிருவாங்க. கையத் தளர விடு லா!"

"அதட்டுனா இன்னும் இறுகுது, கங்காணி. செத்த நேரம் சும்மா விடுங்க, தானா தளரும்."

"சும்மா விட ஏது நேரம்? தொரை வந்தா யாரு பதில் சொல்றது?"

மலாய்க்காரி விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தாள். வலியில் இவள் பல்லைக் கடித்தாள். உள்ளே கொழுந்துக் கறையைத் தவிர ஒன்றுமில்லை.

"சரி, போ போ," என்றார் கங்காணி.

அவள் நகரவில்லை.

"கிள்ளிப் போட்ட கொழுந்தக்கூட ராத்திரி பூரா பரத்தி வச்சு, நல்லாத் தொவண்ட பொறவுதான முறுக்குற மெஷின்ல போடுறீங்க? எங்க கைய மட்டும் ஏன் கங்காணி விடிஞ்சதும் முறுக்குறீங்க?"