நடுச்சுவர்

— ஒரு கல்லத் தொட்டாலும் சாரத்தோட சேத்து உன்னையும் கீழ இறக்கிடுவேன், கேரிஸ்.

— இறக்குங்க மெர்வின் மாமா. அதுக்கு முன்னாடி ஒரு டீ குடுங்க. இந்தத் தெருவுல முப்பத்தெட்டு வீட்டுக்குக் கம்பளி போத்தியாச்சு. உங்களுது மட்டுந்தான் வெறச்சுக்கிட்டு நிக்குது.

— இது என் வீடு. ஊர் கவுன்சிலோட வாடகை வீடா இருந்தத நான் வெலைக்கு வாங்கினது. மொகப்பு பூரா கல்லு பதிச்ச வீடு இந்த வரிசையில வேற எது, சொல்லு?

— கல்லு வெளியிலதான மாமா. உள்ள எல்லாருக்கும் அதே இரும்புச் சட்டம், அதே தகரம். சுவத்துல கைய வைங்க. நனையுதா?

— தெனம் காலையில தொடச்சிடுறேன். அதுக்கென்ன இப்ப.

— ஜன்னலோரம் பூஞ்சை கறுகறுன்னு ஏறியிருக்கே, அதையுமா? நாலு அங்குலத்துக்குக் குளிர் தடுக்குற அட்ட ஒட்டி மேல பூசிட்டா, அடுத்த ஜனவரியில இந்த ரெண்டு ஸ்வெட்டரும் வேணாம். ஆனா கல்ல எடுத்தாத்தான் அட்ட ஒட்டும். இன்னிக்கு நீங்க கையெழுத்துப் போடலன்னா நாளைக்கு சாரத்தப் பிரிச்சிடுவாங்க.

— எடுத்துட்டா எது என் வீடு, எது அவன் வீடுன்னு எப்படித் தெரியும்?

— ஒட்டினாப்ல இருக்கிற உங்க அண்ணன் வீடுன்னு சொன்னா வாய் வலிக்குமா?

— நாப்பது வருஷமாப் பேச்சு இல்ல. சுரங்க ஸ்ட்ரைக் முடிஞ்ச கையோட நான் வீட்ட வாங்கினேன். ஊர்ச்சொத்த அமுக்கிட்டான்னு கிளப்புல அத்தன பேர் முன்னாடியும் சொன்னான் எம்லின். மறுநாளே கல்லு வந்து எறங்கிச்சு. சரியா நடுக்கோட்டோட நிறுத்தினேன்.

— கோடு இன்னும் நூல் பிடிச்ச மாதிரி இருக்கு, அதச் சொல்லணும். ஆனா ரெண்டு வீட்டையும் தாங்குறது ஒரே இரும்புச் சட்டம். உங்க பாதிய விட்டா, குளிரு அது வழியா அவர் பக்கமும் எறங்கும். அவருக்கு வேற நெஞ்சு...

— தெரியும். நிலக்கரித் தூசி. அவன் இருமுறது எனக்குக் கேக்கும். நடுச்சுவத்துக்கு இந்தப் பக்கந்தான் என் கட்டில்.

— போன மாசம் ஆஸ்பத்திரியில இருந்தாரு.

— மூணு நாள் சத்தமே இல்ல. யாருகிட்டப் போயிக் கேக்கறது? மூணு நாளும் நான் கண்ண மூடல. இத வெளிய சொன்ன, அவ்வளவுதான்.

— சொல்லமாட்டேன். இந்தாங்க ஃபாரம்.

— இரு. அந்த நடுச்சுவர்ல என்ன ஒட்டப்போற?

— ஒண்ணும் இல்ல. எங்க வேலை வெளிப்பக்கம் மட்டுந்தான்.

— அப்ப சத்தம் கேக்கும்?

— இப்பக் கேக்குற மாதிரியே கேக்கும்.

— பேனாவக் குடு. கல்ல எல்லாம் பேத்துடு.

— மாமா, போன வாரம் எம்லின் மாமாவும் கையெழுத்துப் போடுறதுக்கு முன்னாடி, சத்தம் கேக்குமான்னு இதையேதான் கேட்டாரு.