மணவறையில் கேட்ட கேள்வி

"மிஸ் என்ட கலியாணத்துக்கு வந்து, மணவறையில வச்சே, 'வகுப்புக்கு எப்ப வாறாய்?' எண்டு கேட்டவ."

வெள்ளவத்தையில் ஏறிய இரண்டு பெண்கள் எனக்கு முன் சீட்டில் இருந்தார்கள். சொன்னவளின் கழுத்தில் புதுத் தாலிக்கொடி. பஸ் பாமன்கடையைத் தாண்டிப் பொரளைப் பக்கம் ஊர்ந்துகொண்டிருந்தது.

"நீ என்ன சொன்னனீ?" என்று தோழி கேட்டாள்.

"'இனி எங்க, மிஸ்?' எண்டன். ஏசி திருத்திற கோர்ஸில பொம்பிளைப் பிள்ளை நான் ஒருத்திதான். கலியாணம் பேசினதோட நிண்டிட்டன். மிஸ் பிறகு இவரைப் பாத்து, 'தம்பி, பாதி படிச்ச பிள்ளை, மிச்சத்தையும் படிக்க விடுங்கோ' எண்டவ. மாமிக்கு முகம் கறுத்துப் போச்சு."

"அவர்?"

"'இவ படிக்கிறவ எண்டு எனக்கு ஒருத்தரும் சொல்லேல்லையே' எண்டார். அடுத்த கிழமை தானே கொண்டுவந்து பொரளைக் கொலிஜ் வாசல்ல விட்டார். இப்ப நான் தனியாப் போறன்."

தோழி யன்னலுக்கு வெளியே பார்த்தாள்.

"நானும் அங்கதானே கொம்பியூட்டர் கோர்ஸை இடையில விட்டனான். என்னை ஒருத்தரும் தேடி வரேல்லை."

"திரும்பப் போக விருப்பமோ?"

"விருப்பம் இல்லாமலோ? இவ்வளவு நாளுக்குப் பிறகு எந்த முகத்தோட போறது?"

கொண்டக்டர் பொரளை என்று கத்தினார். புதுப்பெண் எழுந்து, தோழியின் கைப்பையையும் தூக்கிக்கொண்டு இறங்கினாள்.

"ஏய், நான் இன்னும் அங்கால போகவேணும்!" என்றபடி தோழியும் பின்னால் இறங்கினாள்.

பஸ் நகர்ந்தபோது, பையை ஆளுக்கொரு பக்கம் பிடித்திழுத்துக்கொண்டே இருவரும் ரோட்டைக் கடந்தார்கள்.