பதினைந்து அங்குலம்

பழைய காருக்குப் புதிய சக்கரம் வாங்குகிறவர்கள் பெரும்பாலும் அழகைத்தான் பார்க்கிறார்கள், ஐயா. அளவைப் பார்த்தவன் நான்.

கார் எங்கள் தந்தையார் வாங்கியது. அவருக்குப் பின் என் தங்கை ராதாவின் பெயருக்கு மாறிற்று. இருபத்திரண்டு வயதான சிறிய வெள்ளை வண்டி. அல்சூரிலிருந்து, தான் கற்பிக்கும் பள்ளிக்கு அவளே ஓட்டிச் செல்வாள்; அவளே ஓட்டித் திரும்புவாள். நான் அரசுப் பணியில் வரைபடம் தீட்டி ஓய்வு பெற்றவன். சந்தானம் என்று பெயர். மணம் செய்துகொள்ளவில்லை. நாற்பத்தாறு வயதுவரை அவளும் செய்துகொள்ளவில்லை.

நாள்தோறும் விடியலில் பெருமாள் முன் அமர்ந்து இருவரும் பாசுரம் சேவிப்போம். முன்னிரண்டு அடி என்னுடையவை. பின்னிரண்டு அடி அவளுடையவை. ஒருவர் நிறுத்தும் இடத்தில் மற்றவர் தொடங்குவது முறை. பத்தொன்பது ஆண்டுகளில் அது ஒருநாளும் தவறியதில்லை. காய்ச்சலில் கிடந்தபோதும் போர்வைக்குள்ளிருந்து என் அடிக்கு மறு அடி வந்தது.

சென்ற ஆவணியில் ஹரிஷ் வந்தார். அவள் பள்ளியில் கணக்கு ஆசிரியர், மனைவியை இழந்தவர், நகருக்கு வெளியே ஆனேக்கல்லில் சொந்த வீடு உண்டு. நல்ல மனிதர். இதைத் தனியாகக் குறித்துக்கொள்ளுங்கள். தை மாதம் கல்யாணம், அதன்பின் ஆனேக்கல்லில் குடித்தனம் என்று ராதா சொன்னாள். காலையில் சேவிக்க என்ன செய்வது என்று மட்டும் கேட்டேன்.

"மொபைல்ல போட்டுக் கேளேண்ணா. நம்மள விட நன்னா சேவிக்கறவா எத்தனையோ பேர் இருக்கா," என்றாள். சிரித்துக்கொண்டே சொன்னாள். எனக்குக் கோபம் வரவில்லை. அவளுக்குத் தன் நன்மை தெரியவில்லை என்பது மட்டும் விளங்கிற்று.

கல்யாணப் பரிசாக வண்டிக்கு அலாய் வீல் போட்டுத் தர வேண்டும் என்பது ஹரிஷின் ஆசை. "சக்கத்தா, சூப்பரா இருக்கும், மச்சான். இந்தக் கிழவிய குமரியாக்கிடலாம்," என்றார். மச்சான் என்று என்னை யாரும் அதற்குமுன் அழைத்ததில்லை. ஒரு சனிக்கிழமை மூவரும் கார் உதிரிபாகக் கடைகள் இருக்கும் ஜே.சி. ரோடு போனோம். ஐந்து ஆரக்கால்கள் கொண்ட வெள்ளி நிறச் சக்கரத்தை ராதா தேர்ந்தெடுத்தாள். அளவு மட்டும் முடிவாகாமல் இருந்தது. பழைய இரும்புச் சக்கரம் பதின்மூன்று அங்குலம்.

சக்கரம் மாட்டுகிறவர் கவியரசன், ஈஜிபுராக்காரர், தொழில் தெரிந்தவர். "பதினாலு போடுங்க, ஒரு தொந்தரவும் இல்ல. பதினஞ்சு போட்டா, ஸ்டியரிங் முழுசா ஒடிக்கறப்போ டயர் உள்ள உரசும். மேடம் வண்டிய ஓட்டணுமா, இல்ல நிறுத்தி வச்சு அழகு பாக்கணுமா?" என்று கேட்டார்.

ஹரிஷ் நம்பவில்லை. கவியரசன் இடது முன்பக்கத்தில் ஒரு பதினைந்தை மாட்டி, வண்டியைத் தரையில் இறக்கினார். ஹரிஷை ஓட்டுநர் இருக்கையில் உட்காரவைத்து, சக்கரத்துக்கு முன்னால் மல்லாந்து படுத்து, தலையை உள்ளே நீட்டினார். "ஒடிங்க சார்," என்றார். டயர் அவர் காதருகே திரும்பி, மெல்ல உரசியது. என்ஜின் ஓடிக்கொண்டிருந்தது. அவருடைய கழுத்துக்கும் டயருக்கும் இடையே ஒரு சாண் இருந்தது. வண்டி கியரில் இருந்திருந்தால் அவர் உயிர், கிளச்சை மிதித்திருக்கும் இன்னொருவருடைய இடது பாதத்தில் இருந்திருக்கும். அவர் அதை எண்ணியதாகத் தெரியவில்லை. நான் எண்ணினேன்.

பதினாலைப் போட்டால் உரசாது. உரசாத சக்கரத்தின் கீழ் யாரும் படுக்கமாட்டார்கள்.

"பதினைந்தே போடுங்கள்," என்றேன். விளிம்பு மெலிந்த டயர் போட்டால் உரசல் குறையும் என்றார் கவியரசன். தடித்ததையே கேட்டேன். ஹரிஷ் என் தோளில் கைபோட்டார். "பாத்தியா ராதா, மச்சானுக்கு டேஸ்ட் இருக்கு."

அடுத்த வெள்ளிக்கிழமை காலை வீட்டு வாசலில் வண்டிக்குப் பூஜை. நான்கு சக்கரங்களின் முன்னும் எலுமிச்சம்பழம் வைத்து, அவற்றின்மேல் வண்டியை ஏற்றி நகர்த்துவது உங்களுக்கும் தெரிந்த வழக்கம். வீட்டுக்கு மூத்தவன் என்று என்னையே ஓட்டச் சொன்னார்கள். ராதா வாசற்படியில் கற்பூரத் தட்டோடு நின்றாள். என்ஜினை முடுக்கிவிட்டு, "இடப்பக்கம் உரசுகிறது, ஹரிஷ். கிளம்புமுன் ஒருமுறை பாருங்கள்," என்றேன்.

அவர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு படுத்தார். கடையில் பார்த்ததை அப்படியே செய்தார். கணக்கு ஆசிரியர்களுக்கு ஒருமுறை காட்டினால் போதும். நான் கிளச்சை மிதித்து முதல் கியரைப் போட்டேன். "ஒடிங்க மச்சான். இன்னும் கொஞ்சம். ஆங், சாக்கு, சாக்கு." போதும் என்பதைக் கன்னடத்தில் சொன்னார்.

அப்போது பாதத்தை எடுத்தேன்.

கால் வழுக்கியது என்று அன்று உங்களிடம் சொன்னேன். சக்கரம் மூன்று முறை ஏறியிருக்கிறது என்று மருத்துவர் எழுதியிருப்பதாக இப்போது சொல்கிறீர்கள். மருத்துவர் சரியாகவே எழுதியிருக்கிறார்.

முதல்முறை அது தோள்மீது ஏறி நின்றது. இருக்கையிலிருந்து அவரைப் பார்க்க முடியாது; ஸ்டியரிங் வழியாக உணர முடிந்தது. ஒரு கை மட்டும் மேலே வந்து பானெட்டை மூன்று முறை தட்டிற்று. நிறுத்தச் சொல்கிறார் என்று புரிந்தது. ரிவர்ஸ் போட்டு இறக்கினேன். பழைய வண்டிக்கு மூச்சுக் குறைவு. இரண்டாம் முறை சற்று அழுத்தி மிதிக்க வேண்டியிருந்தது. பெரிய சக்கரம் என்பதால் மார்புவரை ஏறிற்று. பதின்மூன்று அங்குலத்தால் அது முடிந்திராது. எலும்பு முறியும் ஓசை, டயர் உரசும் ஓசையைவிடச் சிறியது. கை இன்னும் அசைந்துகொண்டிருந்தது. அவரைத் துன்பத்தில் விட்டுவைப்பது முறையல்ல. ஆகவே மீண்டும் பின்னால் வந்து, சக்கரத்தை நேராக்கி, தலையின்மேல் ஏற்றினேன். அதன்பின் கை அசையவில்லை.

ராதா அலறவில்லை. அவள் ஹரிஷைப் பார்த்துக்கொண்டிருந்தாள் என்று நினைத்தேன். அவள் பார்த்தது கியர்மீதிருந்த என் கையை.

"ரிவர்ஸ் எதுக்குண்ணா போட்டே?" என்று கேட்டாள்.

"உனக்காகத்தான்," என்றேன். தட்டைப் படியில் வைத்துவிட்டுத் தெருவில் இறங்கி நடந்தாள். எங்கே போனாள் என்று எனக்குத் தெரியாது.

நீங்கள் காட்டும் இந்தப் புகாரைப் படித்தேன். கையெழுத்து அவளுடையதுதான்; எழுதவைத்தது நீங்களாகத்தான் இருக்க வேண்டும். வெளியே பெஞ்சில் அவள் உட்கார்ந்திருப்பதாகச் சொன்னீர்கள். சீக்கிரம் முடித்து என்னை அனுப்புங்கள், ஐயா. தனியாக வீடு திரும்ப அவளுக்குப் பழக்கமில்லை.