துணுக்காய்க் கார்பைன்

தேத்தண்ணி நல்லாயிருக்கு, ஐயா. பொலிசில இப்பிடிச் சாயம் கிடைக்குமெண்டு நான் நினைக்கேல்லை.

துவக்கைப் பற்றிக் கேட்டியள். அது கார்பைன். கிணறு வெட்டேக்க, கிறீஸ் பூசி உரப்பையில சுத்தினபடி கிடைச்சது. ஆர் மண்ணுக்குள்ள தாட்டதோ தெரியாது. தூக்கினால் கைக்குழந்தைப் பாரம்தான். இரண்டாம் உலகப்போரில அமெரிக்கன் சமையல்காரருக்கும் சாரதிமாருக்குமெண்டு செய்தது. பெரிய றைபிளைக் கொழுவிக்கொண்டு கிடாரம் கழுவ ஏலாதுதானே. பிறகு பரசூட்டில குதிக்கிறவனுக்கெண்டு பிடியை மடிக்கிற மாதிரிச் செய்தான். பிறகு தொடர்ந்து சுடுறது ஒண்டு, இருட்டில பாக்கிற கண்ணாடி பூட்டினது இன்னொண்டு. எல்லாம் போனில பாத்துப் படிச்சனான். "மச்சான், உதையே நீங்கள் கலியாணம் கட்டியிருக்கலாம்" எண்டு சதீஸ் பகிடி விடுவான்.

சதீஸ் என்ர தங்கச்சி சுகந்தினியின்ர புருசன். தங்கமான பொடியன். ஒரு குறைதான், பயந்தாங்கொள்ளி.

"பிள்ளையள் ஓடித் திரியுற வளவு. திங்கக்கிழமை பொலிசில சொல்லப்போறன். குறைநினைக்காதேங்கோ மச்சான்" எண்டான். நான் குறைநினைக்கேல்லை. ஞாயமான கதைதானே. ஆனால் நீங்கள் அதைக் கொண்டுபோய்த் துண்டு துண்டாய் வெட்டுவியள். எனக்கு மனம் கேக்கேல்லை.

அந்தக் கிழமைதான் கச்சான் கடலைத் தோட்டத்துக்குப் பன்றி வந்தது. கட்டுத்துவக்கு எங்கட பக்கம் புதினமில்லை. தடத்துக்குக் குறுக்கால தங்கூசி நூல், மற்ற நுனி விசையில. இடறினால் வெடிக்கும். அமெரிக்கன் நாலு வகை செய்தான், ஐஞ்சாவதைத் துணுக்காயில நான் செய்தனான்.

கட்டினால் வழியில குழை முறிச்சுக் கட்டவேணும், அப்பதான் ஆக்கள் விலத்திப் போவினம். விடிஞ்சதும் துவக்கைக் கழட்டவேணும். குழை கட்டினனான். ஆடு திண்டிருக்கும். கழட்ட மறந்துபோனன், வயசும் போகுதெல்லோ. காலமை கச்சானை ஒருக்காப் பாத்திட்டு வா எண்டு சதீசை அனுப்பினதும் நான்தான்.

செத்தவீட்டில முதல் குழறி அழுதது நான். பொய்யில்லை ஐயா. சுகந்தினி என்ர முகம் பாக்கிறாள் இல்லை. கோவம் ஆறட்டும். அவளையும் பிள்ளையளையும் இனி நான்தானே பாக்கவேணும்.

பன்றிக்கெண்டால் துவக்கை முழங்கால் உயரத்தில ஏன் கட்டேல்லை எண்டு கேக்கிறியள். நல்ல கேள்வி. அந்த உயரத்தில கட்டியிருந்தால் அவனுக்குக் காலில மட்டும்தான் பட்டிருக்கும். திங்கக்கிழமை நொண்டி நொண்டியாவது உங்களிட்ட வந்திருப்பான்.